வெர்டனுக்குப் போனவர் சோலிங்கனுக்குப் போகவில்லை

ஹெல்முட் கோல் பற்றிப் படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டுவேன். 1984, பிரான்ஸின் வெர்டன். முதலாம் உலகப் போரில் இரு தரப்பிலுமாக லட்சக்கணக்கானோர் மடிந்த இடம். பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரானும் ஜேர்மன் சான்சலர் கோலும் கைகோர்த்து மௌனமாக நிற்கிறார்கள்.

இம்முறை ஒரு மாணவி கேட்டாள், "சேர், இவர் நல்ல மனிசனா?"

சட்டென்று பதில் வரவில்லை.

1982 முதல் 1998 வரை 16 வருடங்கள் ஆட்சியில் இருந்தவர். 1989 நவம்பரில் பேர்லின் சுவர் விழுந்து ஒரு வருடம் ஆவதற்குள், 1990 ஒக்டோபர் 3இல், இரண்டு ஜேர்மனியையும் ஒன்றாக்கினார். மார்கரெட் தாட்சருக்கு அது பிடிக்கவேயில்லை. ஒரு யுத்தமும் இல்லாமல் அதைச் செய்து முடித்தது லேசான காரியமா? கட்சிக்கு இரகசியமாகக் காசு கொடுத்தவர்களின் பெயரைக் கடைசிவரை சொல்லாதது வேறு கதை.

என்னை உறுத்துவது சோலிங்கன்.

1993 மே 29 இரவு அந்த நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் மௌத்தானார்கள். மிகச் சிறியவளுக்கு 4 வயது. கொலோனில் நடந்த இரங்கல் நிகழ்வுக்கு ஜனாதிபதி வைஸ்ஸேக்கர் வந்து பேசினார். கோல் வரவில்லை. முந்திய வருடம் மோல்ன் நகரிலும் இப்படியே மூன்று பேர் எரிந்து இறந்தபோது, அவருடைய அரசின் பேச்சாளர் பாவித்த சொல் "அனுதாபச் சுற்றுலா".

சான்சலருக்கு ஆயிரம் வேலை என்பார்கள். ஆனால் 2013இல் வெளியான பிரித்தானிய ஆவணம் ஒன்று இருக்கிறது. பதவிக்கு வந்த மாதமே அவர் தாட்சரிடம், நாட்டிலுள்ள துருக்கியரின் தொகையை நான்கு வருடத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதை வாசித்த பிறகு, நேரமில்லாமல் வராமல் விட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை. (பிற்காலத்தில் அவருடைய மகன் ஒரு துருக்கியப் பெண்ணைத்தான் முடித்தார். அல்லாஹ்வின் ஏற்பாடு!)

கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் மையித்து வீட்டுக்குப் போ என்று எங்கட உம்மாமார் சொல்வார்கள். பழைய எதிரியின் மையவாடிக்குப் போகத் தெரிந்த மனிதர், தன் நாட்டில் உழைத்து வரி கட்டிய குடும்பத்தின் மையித்து வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு மகள்களையும் இரண்டு பேத்திகளையும் மருமகள் முறையான ஒருத்தியையும் இழந்த அந்த வீட்டுத் தாயோ, பழிவாங்கக் கேட்காமல், சேர்ந்து வாழ்வோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மாணவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை வெர்டன் படத்துக்குப் பக்கத்தில் சோலிங்கனில் எரிந்த வீட்டின் படத்தையும் ஒட்டப் போகிறேன்.