கம்பியில் முந்திரி

சொரோபான் என்னும் ஜப்பானிய மணிச்சட்டத்தில் கம்பிக்கு ஐந்து மணிகள். குறுக்குச் சட்டத்துக்கு மேலிருக்கும் மணிக்கு மதிப்பு ஐந்து. கீழிருக்கும் நான்குக்கும் தலா ஒன்று. சீனத்துச் சட்டத்தில் மேலே இரண்டும் கீழே ஐந்துமாக மணிகள் கூடுதல்; ஜப்பானியர் தேவையற்றதைக் கழற்றிவிட்டனர். நாலோடு மூன்றைக் கூட்டக் கீழ்மணிகள் போதாது. எனவே மேல்மணியை இறக்கி, கீழே இரண்டை விலக்க வேண்டும். எட்டோடு ஏழு என்றால் அதே கம்பியில் மூன்றைக் கழித்து, இடப்பக்கக் கம்பியில் ஒன்றை ஏற்ற வேண்டும். ஐந்தை நிரப்பும் துணை எண் ‘ஸ்மால் ஃப்ரெண்ட்’, பத்தை நிரப்புவது ‘பிக் ஃப்ரெண்ட்’ என்பது நம்மூர் அபாகஸ் வகுப்புகளின் பேச்சு. விரல் பழகியபின் சட்டத்தை எடுத்துவிடுவார்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காற்றில் மணி தள்ளும்.

இதுவரை குறையில்லை. எரிச்சல் தருவது இந்த வகுப்புகளின் விடுமுறை நோட்டீஸ்தான். மூளையின் இரு பக்கமும் வளருமாம், ஞாபகசக்தி பெருகுமாம். தறிக்கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டணம் கட்டும் காஞ்சிபுரத்துப் பெற்றோர் இதை நம்பித்தான் கட்டுகிறார்கள். குஜராத்தின் வதோதராவில் பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்றாண்டு ஆராய்ந்தார்கள். முடிவு 2016-இல் வெளியானது. மனத்துக்குள் மணிச்சட்டம் பழகியவர்கள் கணக்கில் மற்றவர்களை முந்தினார்கள். பொதுவான அறிவுத்திறனில் மாற்றம் தெரியவில்லை. கணக்கு நன்றாக வரும் என்று மட்டும் நோட்டீஸ் சொல்லியிருக்கலாம், அது பொய்யாகியிருக்காது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள திருப்புட்குழி, இராமானுசர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதாகக் குருபரம்பரை சொல்லும் ஊர். ஆசிரியர் சொன்ன பொருளை மறுத்துப் பேசிய மாணவர் அவர். அந்தப் பக்கத்துப் பெற்றோர் ஒரு நோட்டீஸைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

இனி நம்மூர்ப் பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடி. திண்ணைப் பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாட்டோடு பின்னங்களும் பாடமாக ஏறின: கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. கையால் எண்ணப் புளியங்கொட்டையும் சோழியும் இருந்தன. சோழி சிறுவர் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் ஜான் வாரன் எழுதிய ‘காலசங்கலித’ நூலைப் பார்க்க வேண்டும். 1825-இல் சென்னையில் அச்சான புத்தகம். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே வாரனுக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். எழுத்து வேலையே இல்லை. வேண்டிய அட்டவணைகளெல்லாம் வாக்கியங்களாக அவர் மனப்பாடத்தில் இருந்தன. வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்று வாரன் குறித்திருக்கிறார். அந்த ஆண்டு மே 31 இரவில் தொடங்கிய கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. நடுப்பகுதியில் 23, முடிவில் 52 நிமிடம். பிற்பாடு கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபாவர் இந்தச் சம்பவத்தை எடுத்துப் பேசினார். பிழையின் அளவைவிட, பழைய முறை ஒன்று 1825 வரை உயிரோடிருந்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

காரணம் தெரியாமல் விடை காணும் இந்தத் திறமையைத்தான் அபாகஸ் வகுப்பும் விற்கிறது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் ‘பிக் ஃப்ரெண்ட்’ ஏன் வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைக்கு யாராவது ஒருநாள் சொல்லியாக வேண்டும்.

அபாகஸையும் எண்சுவடியையும் சேர்த்தே கற்பிக்கவும் வழி இருக்கிறது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320-ஐ இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே வகுத்துக்கொண்டு போய் ஒன்றில் முடிக்கலாம். அதனால் முந்திரி 0.003125 என்று தசமத்தில் மிச்சமின்றி முடிகிறது, மாகாணி 0.0625, காணி 0.0125. மூன்றில் ஒன்றைப்போல் முடிவில்லாமல் ஓடாது. முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி: 0.000009765625. தசமப் புள்ளிக்குப் பின் பன்னிரண்டு இடங்கள். பதின்மூன்று கம்பிகள் உள்ள சொரோபானில் இடக்கோடிக் கம்பியை ஒன்றின் இடமாகக் கொண்டால், மீதிக் கம்பிகளில் கீழ்முந்திரி சரியாக அடங்கும்.