வெட்டத் தெரியலையா? அப்ப வாங்காதீங்க!

போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மாரத்தஹள்ளி பக்கம், பதினோராவது மாடி. ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு உப்புத்தண்ணித் தொட்டி. நீல விளக்கு, பாறை, இரண்டு கோமாளி மீன், அங்கங்கே பவளம். "எல்லாமே ஒரிஜினல் கடல் அயிட்டம் சார். மாசா மாசம் புதுசு இறக்கிடுவேன்" என்றார். பழசெல்லாம் எங்கே என்று கேட்டேன். "அது அப்பப்ப போயிடும் சார். சாமி படத்துக்குப் பூ மாத்துற மாதிரிதான்."

பூ மாத்துற மாதிரியாம்! விருந்தாளியாகப் போன இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று தங்கமணி கண்ணாலேயே சொல்லிவிட்டாள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. இருநூறு லிட்டர். மகளுக்காக என்று சொல்லி எனக்காக வாங்கியது :-) தூத்துக்குடியில் கடல் காற்றில் வளர்ந்துவிட்டு, கடலே இல்லாத ஊரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை கடன் கோப்பு பார்க்கிறவனுக்கு, வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் அலையைப் பார்க்கத் தோன்றாதா? வெளியூரிலும் வெளிநாட்டிலும் தொட்டி வைத்திருக்கிற நம்மாட்கள் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நானும் முதலில் அதே தப்பைத்தான் செய்தேன். ஒன்று 2,500 ரூபாய் என்று மூன்று பவளம் வாங்கினேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் அழுகி, வீடு முழுக்க மீன் சந்தை நாற்றம். 7,500 ரூபாய் வாராக் கடன். கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "வியாழக்கிழமை புது லோடு வருது சார்" என்றார். பவளம் சாகச் சாகத்தான் அவருக்கு வியாபாரம் என்று அன்றைக்குப் புரிந்தது.

நாலாவது பவளம் காசுக்கு வரவில்லை. அலுவலகத்தில் ஒரு கன்னட நண்பர், தன் தொட்டியில் வளர்ந்த தோல் பவளத்திலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அது பிழைத்தது. இன்றைக்கு அதன் குடை என் உள்ளங்கையைவிடப் பெரிது. அதை வெட்டி வெட்டி இதுவரை 19 துண்டு கொடுத்திருக்கிறேன். 14 உயிரோடு இருக்கின்றன. (தொழில் புத்தி, நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்!)

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கடலிலிருந்து எடுத்த பவளத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஏற்கெனவே தொட்டிகளில் வளர்கிறதை வெட்டி, ஒட்டி, பகிர்ந்து வளருங்கள். ஒன்றை இரண்டாக்கத் தெரியாதவர், அதை வாங்கவும் கூடாது.

"யாருய்யா நீ அதைச் சொல்ல?" என்று கேட்பீர்கள். சொல்லக் கடமைப்பட்டவன். காரணம் எங்கள் வீடு.

தூத்துக்குடியில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் சுவர் கடல் கல்லால் ஆனது. முருகைக்கல் என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் பூப்பூவாகத் தெரியும், விரலால் தடவிக்கொண்டே நிற்பேன். அது பவளம், ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று அப்போது தெரியாது. எங்கள் வீடு மட்டுமல்ல, ஊரில் பழைய வீடுகள் பலவும் அப்படித்தான். வீட்டுக்குக் கல், காளவாசலுக்குச் சுண்ணாம்பு என்று மன்னார் வளைகுடாப் பவளப்பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டி வெட்டி எடுத்தார்கள். விளைவு என்ன? அங்கே இருந்த 21 தீவுகளில் இரண்டு இன்றைக்குத் தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. அலையைத் தடுத்து நின்ற பாறையை எடுத்துவிட்டால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்?

1986லேயே அந்தத் தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியக் கடல் பூங்கா ஆகிவிட்டன. ஆனாலும் கல் எடுப்பது உடனே நிற்கவில்லை. 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்கள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். கூடவே கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி. புலிக்கு இருக்கிற அதே அட்டவணை. அதற்குப் பிறகுதான் கல் எடுப்பது மெல்ல மெல்ல ஓய்ந்தது.

ஆக, நம் நாட்டில் கல் பவளத்தை வீட்டில் வைத்து அழகு பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பட்டியலில் வராத மென்பவளங்கள்தான் மிச்சம். தோல் பவளம், காளான் பவளம், விரிந்து விரிந்து மூடும் ஸீனியா மாதிரியானவை. இவற்றுக்குள் கல் கூடு கிடையாது.  பட்டியலில் இல்லை என்பதால் கடலில் போய்ப் பிடுங்கலாம் என்று அர்த்தம் இல்லை. தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது.

இந்த மென்பவளத்தின் சங்கதியே, வெட்டினால் வளரும் என்பதுதான். எங்கள் ஆச்சி முருங்கை மரம் எதையும் காசு கொடுத்து வாங்கியதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு போத்து ஒடித்து வாங்கி நடுவாள். அது வளர்ந்ததும் அடுத்த தெருவுக்கு நாலு போத்து போகும். மல்லிகைப் பதியனும் அப்படித்தான். பவளமும் அந்தச் சாதிதான். புயலில் ஒடிந்து விழுந்த துண்டு ஒட்டிக்கொண்டு வளர்வது கடலிலேயே நடக்கிற காரியம்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. தோல் பவளத்தைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்கு மாற்றுங்கள். புது பிளேடால் குடையை ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அடித்தண்டைத் திரும்பத் தொட்டியில் வைத்தால் நாளாவட்டத்தில் புதுக் குடை போடும். வெட்டிய குடையைக் கேக் மாதிரி ஐந்தாறு துண்டாக்கி, வேறு பாத்திரத்தில் அலசுங்கள். வழுவழுப்பு ஏராளமாக வரும், அதனால் பசை ஒட்டாது. சின்னக் கல்மேல் வைத்து ரப்பர் பேண்டால் லேசாகக் கட்டலாம், இல்லாவிட்டால் மேலே வலை போட்டு வைக்கலாம். தண்ணீர் மெதுவாக ஓடுகிற மூலையில் இரண்டு மூன்று வாரம் விட்டால் தானே பிடித்துக்கொள்ளும். தோல் பவளம் வெட்டுப்பட்டால் மற்ற பவளங்களுக்கு ஆகாத ரசாயனத்தைக் கக்கும். அதனால் ஃபில்டரில் கரி போடுங்கள், கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். அவ்வளவுதான்.

இப்போது என் பாஷையில் சொல்கிறேன். கடலில் இருக்கிற பவளம் முதல். தொட்டியில் வளர்ந்து நாம் வெட்டுகிற துண்டு வட்டி. வட்டியில் குடும்பம் நடத்துகிறவன் பிழைப்பான். முதலை எடுத்துத் தின்கிறவன் தெருவுக்கு வருவான். பி.காம் முதல் வருஷப் பாடம் இது. அந்த முதலும் இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது? கடல் சூடேறி 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாப் பவளம் வெளுத்தது. உலகம் முழுக்க நாலாவது முறையாகப் பவளங்கள் வெளுக்கின்றன என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். நொடித்துக்கொண்டிருக்கிற கணக்கிலிருந்து அலங்காரத்துக்குப் பணம் எடுக்கிறோம் சாமி!

அங்கே கடலிலும் இதே வெட்டி ஒட்டும் வேலைதான் நடக்கிறது. தூத்துக்குடியில் இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 2002லிருந்து, பவளத் துண்டுகளைக் கான்கிரீட் அடித்தளங்களில் கட்டிக் கடலுக்குள் வளர்க்கிறார்கள். தாத்தா காலத்தில் கடப்பாரையால் எடுத்ததைப் பேரன் காலத்தில் துண்டு துண்டாகக் கட்டித் திருப்பி வைக்கிறார்கள். அவர்கள் முக்குளித்து ஒரு துண்டு வைக்கும்போது, நாம் எங்கோ ஒரு கடலில் பெயர்த்த ஒரு துண்டை மாசா மாசம் குப்பையில் போடுவோமா?

எதிர்ப்பேச்சு வரும் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.

"கடல் எவ்வளவு பெருசு, ஒரு துண்டு எடுத்தா என்ன?" எங்கள் ஊரில் வள்ளத்தில் கல் ஏற்றியவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு தீவு போச்சு.

"வெட்டுறது பாவம் இல்லையா?" என் மகளும் கேட்டாள். பவளத்துக்கு மூளை கிடையாது, நரம்பு வலை மட்டும் உண்டு. அதற்கு என்ன தெரியும் என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஆனால் வெட்டிய தண்டு தழைத்ததை இரண்டு பேரும் பார்த்தோம். முழுசாக வாங்கிய மூன்றும் செத்ததையும் பார்த்தோம். எது பாவம்?

"தொட்டியே வைக்காம இருந்தா என்ன?" இதுதான் நியாயமான கேள்வி. பதில் என்னிடம் முழுசாக இல்லை. மின்சாரம் செலவாகிறது. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். 2024 மார்ச்சில் இந்த ஊரே டேங்கர் லாரிக்குக் காத்து நின்றபோது, தொட்டிக்கு ஊற்றக் கை கூசியது. கழிவுத் தண்ணீரில் வீடு துடைக்கிறோம், அதைத் தவிரச் சமாதானம் இல்லை. வைக்காதவர் புண்ணியவான். வைத்தே தீருவேன் என்கிற என்னை மாதிரி ஆட்களுக்குத்தான் இந்தப் பதிவு.

"நான் வாங்குறதே வீட்ல வளர்த்த துண்டுதான்." ரொம்ப சந்தோஷம். ஆனால் கடல் பவளத்தையே பத்தாக நறுக்கி "வீட்டு வளர்ப்பு" என்று விற்கிற கில்லாடிகளும் இருக்கிறார்கள். தாய்ப் பவளத்தைக் காட்டச் சொல்லுங்கள். துண்டைத் திருப்பிப் பாருங்கள். வெட்டுவாய் ஆறி, கல்லைத் தானே பிடித்திருந்தால் சரி. விளிம்பு வெளுத்து, நூலில் தொங்கிக்கொண்டிருந்தால் நேற்று வெட்டியது. நடையைக் கட்டுங்கள்.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு முக்கியமான எச்சரிக்கை. ஸோவாந்திட் என்று ஒரு வகை, சின்னச் சின்னப் பொத்தான் மாதிரி வண்ணம் வண்ணமாக இருக்கும். அதன் சில இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய விஷம் உண்டு. 2018ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டி கழுவப்போய், அந்தக் குடும்பமும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். தொட்டியிலிருந்து எடுத்த பாறையை வெந்நீரில் கொதிக்கவைக்கவே கூடாது. புதியவர்கள் இந்த வகையை வெட்டவே வேண்டாம். மற்றதை வெட்டும்போதும் கையுறை, கண்ணாடி கட்டாயம். சாப்பாட்டு மேசையில் வெட்டாதீர்கள். சமையல் பாத்திரத்தை எடுத்து தங்கமணியிடம் நான் வாங்கியது தனிக்கதை.

இன்னொன்று. துண்டு அதிகமாகிவிட்டது, லீவுக்கு ஊருக்குப் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். மண்டபம் பக்கம் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, ஒடிந்த துண்டுகளாலேயே பரவி குருசடைத் தீவுப் பவளத்தை மூடியது. வெனிசுலாவில் நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த ஒரு மென்பவளம் பாறையெல்லாம் பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிட்டது. தொட்டியில் வளர்ந்தது தொட்டியோடு போகட்டும்.

கடைசியாக, மாரத்தஹள்ளி நண்பருக்கு. சார், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஒரு துண்டு கட்டி வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. அது வளர்ந்ததும் நீங்களே வெட்டி இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும். அது வரைக்கும் கடைப்பக்கம் போகக் கூடாது.

முருங்கைப் போத்துக்கு ஆச்சி வைத்த நிபந்தனையும் அதேதான்.

டிஸ்கி: ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்விட்டு வரும்போது ஞாபகார்த்தமாக ஒரு வெள்ளைப் பவளக் கிளையைப் பையில் போட்டுக்கொண்டு வருகிற மாமா, அத்தைமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உயிர் இல்லை என்றாலும் அது அந்த முதல் அட்டவணைச் சரக்கு. ஊர் ஞாபகத்துக்கு மக்ரூன் வாங்கி வாருங்கள், போதும் :-)