கிராண்டில் யார் பெயர்?

தைப்பிங் வட்டாரத்தில் பழைய காரும் மோட்டார் சைக்கிளும் இன்று ஆடம்பரப் பொருள்களல்ல. பால்மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. தோட்டத்து வேலை சுருங்கிவிட்டது. நம் பிள்ளைகள் கமுந்திங் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் புறப்படுகிறார்கள். உட்புறத் தோட்டங்களிலிருந்து நினைத்த நேரத்திற்குப் பஸ் ஏது? ஆதலால் வண்டி வாங்குவதும் விற்பதும் லயத்து வாசலிலும் காப்பிக் கடையிலும் அன்றாடக் காரியமாகிவிட்டன.

வாங்குவதைக் குறை கூற நாம் வரவில்லை. வாங்கும் முறையைப் பற்றியே நம் கவலை. பணம் எண்ணப்படுகிறது, சாவி கைமாறுகிறது, “கிராண்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், நாம் என்ன அந்நியரா?” என்ற ஒரு வார்த்தையோடு வியாபாரம் முடிகிறது. அந்த “அப்புறம்” வருவதே இல்லை. எத்தனையோ குடும்பங்களின் நிம்மதி போனது அந்த ஒரு வார்த்தையால்தான்.

விற்றவர் நிலையை முதலில் பார்ப்போம். வண்டி போய்விட்டது, பெயர் போகவில்லை. சட்டத்தின் கண்ணுக்குப் பதிவில் உள்ளவரே உரிமையாளர். வாங்கியவர் ஈப்போ சாலையில் வேகமாக ஓட்டினால், சம்மன் வருவது விற்றவர் வீட்டிற்கு. ஓட்டியவர் யார் என்று பதில் சொல்லும் கடமையும் அவர் தலையிலேதான். 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டி கைமாறிய 7 நாள்களுக்குள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. “எனக்குத் தெரியாது” என்பது அங்கே எடுபடாது.

வாங்கியவருக்காவது நிம்மதி உண்டா? இல்லை. காப்புறுதி பழைய உரிமையாளர் பேரில் இருக்கிறது. வண்டி விபத்தில் நொறுங்கினால், “உம்மோடு எமக்கு ஒப்பந்தம் இல்லை” என்று காப்புறுதிக் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. விற்றவர் நாளை காலமாகிவிட்டாலோ, காரியம் இன்னும் சிக்கல். வாரிசுகளைத் தேடிப் பிடித்து, தனி நடைமுறையில் அலைந்தால்தான் பெயர் மாறும். முழு விலை கொடுத்தவர், ஒரு கையெழுத்துக்காக இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

இவற்றினும் கொடியது “சம்போங் பாயார்” வியாபாரம். கடன் தீராத வண்டியை ஒருவர் வாங்கிக்கொண்டு, “மாதத் தவணையை நான் கட்டுகிறேன்” என்கிறார். நான்கு மாதம் கட்டுகிறார். ஐந்தாம் மாதம் ஆளையும் காணோம், வண்டியையும் காணோம். வங்கியின் கடிதமோ கடன் எடுத்தவரைத் தேடி வருகிறது. 1967 ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, வங்கியை ஏமாற்றி அத்தகைய வண்டியை விற்பது குற்றம். அதே சட்டம் நேர்வழியும் வைத்திருக்கிறது. மீதிக் கடனை முன்கூட்டியே அடைக்கலாம். அல்லது வங்கியின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றலாம். நேர்வழி இருக்கக் குறுக்குவழி எதற்கு? உறவுக்காரர் கேட்டார் என்று சம்பளச் சீட்டைக் கொடுத்து, தம் பெயரில் கடன் எடுத்துத் தரும் நல்ல உள்ளங்களுக்கும் இதையே சொல்லுகிறோம்.

“கிராண்டு” என்ற சொல்லை நாம் இரண்டு இடங்களில் வழங்குகிறோம்: நிலத்துக்கும் அதுதான், வண்டிக்கும் அதுதான். நிலத்துக் கிராண்டின் அருமையை நம் பெற்றோர் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்தி உழைத்தவர் பெயர் எந்தக் கிராண்டிலும் இல்லை. உழைப்பு இருந்தது, எழுத்து இல்லை. அந்த வேதனையிலிருந்துதான் 1960இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. எழுத்தில் பெயர் இல்லாமையின் கொடுமையைக் கண்ட சமூகம், கைக்கு வந்த சிறு உடைமையிலாவது அந்தத் தவற்றைச் செய்யலாமா?

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. பணம் கொடுக்குமுன் கிராண்டை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒத்திருக்கின்றனவா? என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியோடு பொருந்துகின்றனவா? வங்கிக் கடனோ, பாக்கிச் சம்மனோ உண்டா? கார் என்றால் பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையை முடியுங்கள். வாங்குபவர் தம் பேரில் காப்புறுதி எடுக்கட்டும். பின்னர் இருவரும் சேர்ந்தே ஜே.பி.ஜே.க்குச் சென்று கைரேகை பதியுங்கள். இணைய வழியும் இப்போது உண்டு. தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட இரசீதை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறிய பிறகே முழுப் பணமும் கைமாறட்டும்.

இலாகாவுக்கும் ஒரு வார்த்தை. நாட்சம்பளக்காரர் அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. ஒரு தாள் குறைந்தால் இரண்டாம் நாளும் போகிறது. “அப்புறம்” என்று அவர் சொல்வதற்கு அசட்டை மட்டும் காரணமல்ல. செலாமா, திரோங், பாகான் செராய்ப் பகுதித் தோட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடமாடும் முகப்பு வரட்டும். விளக்கத் தாள் தமிழிலும் கிடைக்கட்டும். இதைக் கேட்பது சலுகையன்று, நியாயம். படித்த இளைஞர்களும் தம் லயத்துப் பெரியவர்களுக்குக் கூடத் துணை போக வேண்டும்.

நம்பிக்கை நல்லது. அந்த நம்பிக்கையை எழுத்தில் வைப்பது உறவைக் கெடுக்காது, உறவைக் காக்கும். சாவி கைமாறும் நாளிலேயே பெயரும் மாறட்டும்!