பட்டை மேல பழி போடாதீங்க!

டிஸ்கி: நான் படிப்பது பி.காம். ஸ்பேனர் பிடிக்காதவன் எல்லாம் இதைப் பேசலாமா என்று கேட்பவர்கள், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

எங்க சாரம் பக்கம் பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டு. "பட்டை வண்டிப்பா, அப்படித்தான் குதிக்கும்." கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைத்தான் பட்டை என்கிறோம். லாரியில் இருப்பதும் அதுதான். தாத்தா காலத்து வில்வண்டியில் இருந்த வில்லும் இதே சாதிதான். அதனாலேயே அதற்கு மரியாதை இல்லை போல.

பெரியப்பா பையன் ஒரு அம்பாசிடர் வைத்திருக்கிறார். 1.8 லிட்டர் இசுசூ இஞ்சினோடு வந்த மாடல், நல்ல இழுவை. போன வருஷம் அகல டயர் போட்டார். டயரில் இடிக்குது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் பின் ஷாக் அப்சர்வரின் கீழ்ப் பிடியை வெட்டி, நடுப்பக்கமாகத் தள்ளி வெல்டு வைத்துவிட்டார்கள். ஷாக் பாதி படுத்த மாதிரி சாய்ந்துவிட்டது. அதற்கப்புறம் காலாப்பட்டு தாண்டி ஈ.சி.ஆரில் ஒரு மேடுபள்ள வளைவில் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் ஒரு துள்ளு துள்ளியது பாருங்க... பின்சீட்டில் நானும் பெரியம்மாவும். எதிரில் பஸ் வராதது எங்க நல்ல நேரம். திரும்பிப் போய்க் கேட்டால் அதே பதில்: "பட்டை வண்டி, அப்படித்தான். காயில் போட்டுடலாம் சார்."

எனக்கு வந்ததே கோபம்.

செல்போனில் கோணம் அளந்தேன். நேர்நிலையிலிருந்து கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்வு. இதில் இஞ்சினியரிங் எல்லாம் வேண்டாம், நம்ம தள்ளுபடிக் கணக்கே போதும். சக்கரம் 10 செ.மீ. ஏறினால் சாய்ந்த ஷாக் 7 செ.மீ.தான் நகரும். மெதுவாக நகர்வதால் அது கொடுக்கும் தடையும் 70 சதவீதம். அந்தத் தடையும் சாய்வாகத்தான் வேலை செய்கிறது, அதனால் மேலும் கீழுமாகக் கிடைப்பது அதிலும் 70 சதவீதம். 100, 70, 49. புது ஷாக் வாங்கிப் போட்டும் பாதி வேலை அம்போ. போதாததற்கு இரண்டு ஷாக்கும் நடுவில் நெருங்கிவிட்டதால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அவை இன்னும் குறைவாகவே அசையும். பட்டை தன் வேலையைச் செய்து வண்டியைத் தூக்கி விடுகிறது, ஆட்டத்தை நிறுத்த வேண்டியவன் படுத்துக் கிடக்கிறான். யார் குற்றவாளி?

இழுவை அதிகமான வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் முன்னால் சுற்றும், அந்த எதிர்விசையில் ஆக்சில் ஹவுசிங் பின்னால் முறுக்கும். கிரவுன் மூக்கு மேலே தூக்கும், பட்டை வளைந்து நெளியும். டயர் பிடி விட்டதும் பட்டை விடுபடும், பிடித்ததும் மறுபடி முறுக்கும். தட தட தட என்று பின்பக்கம் குதிப்பது இதனால்தான். இரண்டு ஷாக்கும் ஆக்சிலுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் இந்த முறுக்கலைத் தடுக்கும் அதே நேரத்தில் ஆக்சிலை மேலே கீழே தள்ளவும் செய்யும். ஒன்று ஆக்சிலுக்கு முன்னால், ஒன்று பின்னால் என்று வைத்தால்? ஹவுசிங் முறுக்கும்போது ஒன்று இழுபடும், மற்றது அமுங்கும், இரண்டும் சேர்ந்து முறுக்கலை அடக்கும்.

நான் கண்டுபிடித்ததில்லை சாமி. 1967-ல் வந்த செவ்ரோலே கமாரோவில் ஒற்றைப் பட்டை. பின்பக்கம் குதிக்குது என்று புகார். பட்டையை அவர்கள் தூக்கிப் போடவில்லை. 1968 மாடலில் ஷாக்குகளை இப்படி முன்பின்னாக மாற்றினார்கள், வேகமான மாடல்களுக்குப் பல பட்டை கொடுத்தார்கள். ஃபோர்டு எஸ்கார்ட் கதை இன்னும் சுவாரசியம். இங்கிலாந்தின் ஆர்.ஏ.சி. ராலியை 1972 முதல் 1979 வரை தொடர்ந்து 8 வருஷம் ஜெயித்த கார், பின்னால் பட்டைதான்! ராலி வண்டிகளில் டிக்கிக்குள் தனிக் கூடு கட்டி, சாய்ந்திருந்த ஷாக்குகளை நிமிர்த்தி நிறுத்தினார்கள். பட்டைக்குத் துணையாக இணைப்புக் கம்பிகளும் போட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

காயில் மட்டமா என்றால், இல்லை. 2010 தாரில் பின்னால் பட்டை, 2020 தாரில் காயில், சொகுசில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பட்டை பாரத்தை மட்டும் தாங்குவதில்லை, ஆக்சிலை முன்பின், பக்கவாட்டு என்று அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் அதுதான். காயில் பாரம் மட்டும்தான் தாங்கும். மிச்ச வேலைக்குத் தனிக் கம்பிகள் வேண்டும். அதை மஹிந்திரா கம்பெனியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்தார்கள். ஆட்டோஜன் வெல்டும் ஒரு குத்துமதிப்பும் வைத்துக்கொண்டு "காயில் போட்டுடலாம் சார்" என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆக்சிலை எது பிடிச்சுக்கும்ணே?"

அண்ணன் வண்டிக்கு என்ன ஆச்சு? அகல டயரைக் கழற்றினோம். பிடிகளைப் பழைய இடத்துக்கே வெளிப்பக்கமாகத் தள்ளி ஷாக்கை நிமிர்த்தினோம், ஷேக்கிள் புஷ் மாற்றினோம். வேறொரு மெக்கானிக், அரை நாள் வேலை. போன ஞாயிறு அதே வளைவில் போனோம். பெரியம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார். பட்டை மட்டும் இன்னும் லேசாகக் கிறீச்சிடுது, கிரீஸ் வைக்கணும்.