சங்கிலி யார் கையில், துடைப்பம் யார் கையில்?

புழல் சிறை வாசலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களோடு நாங்களும் பல நாள் உட்கார்ந்திருக்கிறோம். ஆவடிப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து, அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் மாறி வந்த ஒரு அம்மா, மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எங்களிடம் சொன்னார்: "நான் எப்டி இருக்கேன்னு அப்பறந்தான் கேட்டான். மொதல்ல கேட்டது, 'மணி சாப்டுதாம்மா?'ன்னு." மணி அவர்கள் வீட்டு நாய். பையன் கையில் தூக்கி வளர்த்தது. அவன் உள்ளே போன நாளிலிருந்து வாசலை விட்டு நகராமல் கிடக்கிறதாம்.

உள்ளே இருப்பவனுக்கு வெளியே இருக்கும் நாய் மேல் இத்தனை அக்கறை. அந்த அக்கறையையே ஒரு வேலையாக, ஒரு படிப்பாக மாற்ற முடியுமா? முடியும் என்று 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சில நாடுகள் செய்து காட்டியிருக்கின்றன.

குட்டி வளரும் சிறை அறை

1981-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெண்கள் சிறையில் இது தொடங்கியது. பின்னாளில் சகோதரி பாலின் என்று அறியப்பட்ட கேத்தி குவின் என்ற பெண்மணியும், கால்நடை மருத்துவப் பேராசிரியர் லியோ பஸ்டாடும் சேர்ந்து, கைதிகளைக் கொண்டு நாய்களைப் பழக்கி மாற்றுத்திறனாளிகளுக்கு உதவியாக அனுப்பும் வழியைத் திறந்தார்கள். 1997-இல் நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஹில்ஸ் பெண்கள் சிறையில் குளோரியா கில்பர்ட் ஸ்டோகா ஐந்து குட்டிகளோடு இன்னொரு திட்டத்தைத் தொடங்கினார். முதலில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள். பிறகு வெடிகுண்டு மோப்ப நாய்கள். அதன்பின் போரிலிருந்து உடலும் மனமும் காயப்பட்டுத் திரும்பியவர்களுக்கான உதவி நாய்கள். ஆசியாவிலும் உண்டு. ஜப்பானின் ஷிமானே அசாஹி சிறையில் 2009 முதல் வழிகாட்டி நாய்க்கான குட்டிகளைக் கைதிகள் வளர்க்கிறார்கள்.

முறை எளிமையானதுதான். ஏறத்தாழ எட்டு வார வயதில் குட்டி சிறைக்கு வருகிறது. வளர்ப்பவரோடு அதே அறையில் தூங்குகிறது. இரவில் அது முனகினால் அவர்தான் எழுந்து வெளியே கூட்டிப் போக வேண்டும். உட்கார், இரு, வா, எடுத்துக் கொடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வளர்ப்பவருக்கும் வகுப்பு உண்டு, வீட்டுப்பாடம் உண்டு, தேர்வு உண்டு. சிறைக்குள் பஸ் சத்தம் இல்லை, கடைத்தெரு இல்லை, காலிங் பெல் இல்லை. அதனால் அவ்வப்போது வெளியே உள்ள தன்னார்வலர்கள் குட்டியைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் உலகத்தைக் காட்டிக்கொண்டு வருவார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து நாய் போய்விடும். அழுதுகொண்டேதான் அனுப்புகிறார்கள். ஆனாலும் அடுத்த குட்டிக்குக் கை நீட்டுகிறார்கள்.

எல்லாம் பக்கத்தில்தான் இருக்கிறது

நம் பகுதியைப் பாருங்கள். 2006-இல் சென்னை மத்திய சிறை பூங்கா நகரிலிருந்து புழலுக்கு வந்தது. தண்டனை பெற்றவர்களுக்கு, விசாரணைக் கைதிகளுக்கு, பெண்களுக்கு என்று அங்கே தனித்தனிச் சிறைகள். சற்றுத் தள்ளி மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக வளாகம். இந்தப் பக்கம் பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், பார்வைத்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும். வளர்க்கும் கை, கற்றுக்கொடுக்கும் அறிவு, தேவைப்படும் மனிதர் மூன்றும் ஒரே பஸ் தடத்தில் இருக்கிறார்கள்.

கைதிகளிடம் பொறுப்பைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்ற பேச்சும் இங்கே பழசாகிவிட்டது. அம்பத்தூர் - புழல் சாலையில் 2023 ஆகஸ்டில் திறந்த பெட்ரோல் பங்கில் தண்டனை பெற்ற பெண்கள் வேலை செய்கிறார்கள். நம் பைக்குகளுக்குப் பெட்ரோல் போடும் அந்தக் கைகளில் ஒரு நாய்க்குட்டியைக் கொடுக்க என்ன தயக்கம்? அப்படி ஒரு திட்டம் புழலுக்கு வர வேண்டும் என்றே நாம் விரும்புகிறோம். ஆனால் வருமுன் பேச வேண்டியவை சில உண்டு. இந்தப் பத்தியில் அதைப் பேசக் காரணம், நமக்கும் நாய்க்கும் உள்ள கணக்கு அவ்வளவு எளிதானது அல்ல.

நாயும் நாமும்

ஆங்கிலேயர் இங்கே வந்து தெருநாய்க்குப் பெயர் வைத்தபோது, நம் மக்களில் ஒரு பிரிவினரின் சாதிப் பெயரை எடுத்து அதற்குச் சூட்டினார்கள். அந்தச் சொல் இன்றும் ஆங்கில அகராதிகளில் இருக்கிறது. 1931-இல் காந்தியைச் சந்தித்த அம்பேத்கர், நாய் பூனையைவிடக் கீழாக எங்களை நடத்தும் மண்ணை எப்படித் தாய்நாடு என்று சொல்வேன் என்று நேருக்கு நேர் கேட்டார். தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததைத் தீண்டாமைக் கொடுமைகளைத் தொகுத்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாய் ஊருக்குள் போய்க் கலந்துவிடுமாம்! 2018-இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொன்றார்களே, அதைப் பார்த்து நம் தெருப் பிள்ளைகள் அழுதது ஒரு நாய்க்காக மட்டும் அல்ல.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஊர்த்தெருவில் நாம் நடந்தால் சில வீட்டு நாய்கள் நம்மைப் பார்த்து மட்டும் குரைக்கும். நாய்க்குச் சாதி தெரியுமா? தெரியாது. யார் வந்தால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார், யாரை வாசலிலேயே நிறுத்துகிறார் என்பதை அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. சோறு போடும் கையிடம்தான் நாய் பாடம் படிக்கிறது.

இந்தத் திட்டத்தின் சாரமும் அதுதான். ஒரு நாய் உதவி நாயாக வேண்டுமென்றால் எல்லா மனிதரோடும் பழகியிருக்க வேண்டும். கிழவர், குழந்தை, கறுத்தவர், சிவந்தவர், அழுக்குச் சட்டைக்காரர், காக்கிச் சட்டைக்காரர் எவரைக் கண்டும் அது மிரளக் கூடாது, உறுமக் கூடாது. அதனால்தான் குட்டியை ஒருவர் கையிலேயே விடாமல், முதன்மை வளர்ப்பாளர் ஒருவர், அவருக்குத் துணையாக இன்னொருவர் என்று வைக்கிறார்கள். குட்டி அறை மாறி அறை போகும், கை மாறிக் கை போகும். சாதி பார்த்துப் பிரித்து வைத்த சிறையில் அப்படி ஒரு குட்டியை வளர்க்க முடியாது.

சிறைக்குள் சாதி

நம் சிறைகள் எப்படி இருந்தன என்பதை உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பு வந்தது. கைதிகளுக்குச் சாதி பார்த்து வேலை பிரிப்பதும், சாதி பார்த்து அறை பிரிப்பதும் அரசியலமைப்புக்கு எதிரானவை என்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னது. சமையல் ஒரு சாதிக்கு, துடைப்பம் ஒரு சாதிக்கு என்று பல மாநிலச் சிறை விதிகள் எழுதி வைத்திருந்தன. வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவான வேலைக்கு விடக் கூடாது, அந்த வேலை செய்து பழகிய பிரிவினர் என்றால் விடலாம் என்று ஒரு மாநில விதி சொன்னது. தமிழ்நாட்டின் பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்துங்கள், கைதிப் பதிவேட்டில் சாதிக் கலத்தை நீக்குங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்கும் பொருந்தும் என்றும் சொன்னது.

விதியைத் திருத்துவது ஒரு கையெழுத்தில் முடியும். பழக்கத்தைத் திருத்துவது அப்படி அல்ல. நம் பயம் இதுதான்: நாளை புழலுக்கு நாய்க்குட்டிகள் வந்தால், சங்கிலியைப் பிடித்துப் புகைப்படத்துக்கு நிற்பவர் ஒருவர், அதன் மலத்தை அள்ளுபவர் வேறொருவர் என்று ஆகிவிடக் கூடாது. பெட்ஃபோர்டு ஹில்ஸில் குட்டியை வளர்ப்பவரே அது கழித்ததையும் அள்ளுகிறார். அதில் இழிவு இல்லை; அது வளர்ப்பின் ஒரு பகுதி. பெற்ற பிள்ளைக்குச் செய்வதைப் போலத்தான். வேலை எப்போது இழிவாகிறது? பிறப்பைப் பார்த்து ஒருவர் தலையில் மட்டும் கட்டும்போது.

ஒரு மாணவர் கேட்ட கேள்வி

எங்கள் மாலைப் படிப்பகத்தில் இதைப் பேசியபோது கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "அண்ணா, சாதி வெறியில நம்ம பையன வெட்டிட்டு உள்ள போனவனுக்கும் நாய்க்குட்டி குடுப்பீங்களா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்களிடமும் உடனே பதில் இல்லை.

யோசித்துச் சொல்கிறோம். கொடுக்கலாம். ஆனால் அது பரிசு அல்ல. தண்டனைக் காலத்தை அது குறைக்கக் கூடாது. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நீதியில் ஒரு அணுவும் அதனால் குறையக் கூடாது. கொடுப்பதாக இருந்தால், துணை வளர்ப்பாளராக வேறு சாதிக் கைதியை நிறுத்தித்தான் கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே தட்டில் அதற்குச் சோறு பிசைய வேண்டும். இவர் தூங்கும்போது அவர் விழிக்க வேண்டும். அவர் வைத்த பெயரைச் சொல்லி இவர் கூப்பிட வேண்டும். நாயால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சேர்ந்து வேலை செய்தே தீர வேண்டும் என்ற நிலையைச் சிறைக்குள் உண்டாக்க இது ஒரு வழி என்கிறோம்.

குட்டியைக் காட்டி ஜாமீனை மறைக்காதீர்கள்

இந்தத் திட்டம் எல்லாக் கைதிக்கும் பொருந்தாது. ஒரு குட்டி வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆனால் நம் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்களே அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் 5,73,220 கைதிகள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர்! கைதிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித். 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு 16.6 விழுக்காடுதான்.

இவர்களுக்குத் தேவை நாய்க்குட்டி அல்ல, ஜாமீன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவைப் படிக்கிற பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். இதற்கு முன் தண்டனையே பெறாதவர், குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்கான மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை உங்கள் தெருச் சுவரில் எழுதி வையுங்கள்.

நாம் கேட்பது

இப்படி ஒரு திட்டத்தை அரசு யோசிக்குமானால், நாம் கேட்பவை இவை. வளர்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தகுதிகள் எழுத்தில் இருக்க வேண்டும்; சிறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். வளர்ப்பவரே சுத்தம் செய்ய வேண்டும். அதற்கென்று தனி ஆள் கூடாது. வேலைக்குக் கூலி வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்திச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது. வெளியே வந்தவர் அதைக் காட்டி வேலை தேட வேண்டுமே. விலங்குகளோடு பழகும் அறிவு நம் மக்களிடம் தலைமுறையாக உண்டு. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தபோதுதான் அந்த மக்களின் அறிவுக்குக் கூலியும் மரியாதையும் கிடைத்தன. நாய் பழக்கும் அறிவுக்கும் அது கிடைக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன், பூவிருந்தவல்லிப் பள்ளியில் படித்து வந்தவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நடைபாதை இல்லாத, தெருநாய்கள் சூழ்ந்த நம் சாலைகளில் வழிகாட்டி நாயோடு நடக்க முடியுமா, வேறு எந்த உதவிக்கு நாய் வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். நமக்காக மற்றவர் முடிவெடுத்த வலி நமக்குத் தெரியும். அதை இன்னொருவருக்கு நாம் செய்யக் கூடாது.

அந்த அம்மாவைப் பிறகும் ஒரு முறை புழல் வாசலில் பார்த்தோம். மணி சாப்பிடுகிறதா என்று நாங்களும் கேட்டோம். "ஒரு வேள சாப்டுது. அவன் வந்தாதான் சரியாவும்" என்றார். அவருடைய மகனுக்கு இன்னும் விசாரணை தொடங்கவில்லை.