மகிழ்ச்சி ஹார்மோனாம்... மட்டியைக் கேளுங்கள்!

செரோடோனின் என்றதும் "அதுவா, சந்தோஷ ஹார்மோன்!" என்று ஒப்பிக்காத ஆரோக்கியப் பக்கம் உண்டா? வாழைப்பழம் சாப்பிடு, செரோடோனின் ஏறும், கவலை பறக்கும் என்று வாட்ஸப்பில் பார்வர்டு வேறு. இந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவர்கள் மட்டியின் இதயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

சிரிக்காதீர்கள். பாலூட்டிகளின் மூளையில் செரோடோனின் இருப்பதைக் காட்டிக் கொடுத்ததே ஒரு மட்டியின் இதயம்தான்.

அட்லாண்டிக் கரையோரத்து மட்டி ஒன்று. அன்றைய பெயர் வீனஸ் மெர்சினேரியா. அதன் இதயத்தைத் தனியே எடுத்துக் கடல் நீரில் கட்டித் தொங்கவிட்டாலும் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும் (குடல் அந்த இதயத்துக்குள்ளேயே நுழைந்து போகிறது என்பது இன்னொரு வேடிக்கை). நீரில் துளி அசிட்டைல்கோலின் விட்டால் துடிப்பு குறையும், நின்றே போகும். செரோடோனின் விட்டால் வேகமாக, பலமாக அடிக்கும். மிகச் சிறிய அளவே போதும். ஹார்வர்டில் ஜான் வெல்ஷ் இந்த இதயத்தை ஒரு ரசாயனத் தராசு போலவே பயன்படுத்தினார். அவரிடம் படித்த பெட்டி ட்வாரோக் கிளீவ்லாண்டுக்குப் போய், மூளைச் சாற்றை அதே தராசில் நிறுத்தார். இதயம் பதில் சொன்னது. இர்வின் பேஜுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1953இல் வந்தது.

சரி, செரோடோனின் என்றால் 'வேகப்படுத்து' என்று அர்த்தமா? அதுவும் இல்லை. பாறையில் நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும் மைட்டிலஸ் என்ற சிப்பிக்கு அந்த நூலை இழுத்துப் பிடிக்க ஒரு தசை உண்டு. அங்கே அசிட்டைல்கோலின் தசையை இறுக்குகிறது, செரோடோனின் தளர்த்துகிறது. அப்படியே தலைகீழ்! இதையும் கண்டவர் அதே ட்வாரோக்தான் (1954).

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வங்கியில் பணம் போட்டால் நம் கணக்குப் புத்தகத்தில் டெபிட், வங்கியின் புத்தகத்தில் கிரெடிட். பணம் ஒன்றுதான், யாருடைய புத்தகம் என்பதுதான் கேள்வி. செரோடோனினும் அப்படித்தான். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி எது, அந்த ஏற்பி எந்தத் திசுவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அர்த்தம். மனித உடம்பின் செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் கிடக்கிறது, குடலை அசைக்க. ரத்தம் உறையவும் அது உதவுகிறது. வெட்டுக்காயத்தில் ரத்தம் உறைவது சந்தோஷமா?

வாழைப்பழக் கதைக்கு வருவோம். பழத்தில் செரோடோனின் இருப்பது நிஜம். ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழையாது, நடுவில் தடுப்பு இருக்கிறது. தின்றவருக்குப் பழம் தின்ற திருப்தி மட்டும் மிச்சம்.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் மனம் உடைந்து கிடப்பவரிடம் "உனக்கு செரோடோனின் கம்மி, அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்புகிறார்களே, எதை அளந்து பார்த்தார்கள்? ஜோனா மான்கிரீஃப் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2022இல் வெளியிட்ட கட்டுரை, மனச்சோர்வுக்குக் காரணம் செரோடோனின் குறைவே என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. மாத்திரைகள் பலன் தருகின்றனவா என்பது வேறு கேள்வி. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள். பார்வர்டை மட்டும் தாராளமாக நிறுத்தலாம்.