கொலைகாரனைக் காட்டிக்கொடுத்த ரசீது!

கொலைகாரனைப் பிடிக்க எது வேண்டும்? துப்பாக்கியா? தடியா? முரட்டுக் கையா?

இவற்றை எல்லாம்விடப் பெரிய ஆயுதம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கவனம்!

அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் நடந்த கொலை வழக்கு இதற்குச் சாட்சி. உலகத்தையே உலுக்கிய வழக்கு அது.

வேட்டை நாள்

அமெரிக்காவின் வடபகுதியில் விஸ்கான்சின் மாநிலம் இருக்கிறது. அங்கே பிளெயின்பீல்டு என்று ஓர் ஊர். அப்போது அதன் மக்கள்தொகை ஆயிரம்கூட இல்லை. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கும் ஊர்.

1957-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சனிக்கிழமை. மான் வேட்டைப் பருவம் அன்றுதான் தொடங்கியது. ஆண்கள் துப்பாக்கியுடன் காட்டுக்குப் போய்விட்டார்கள். தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

அந்த ஊரில் பெர்னிஸ் வோர்டன் என்ற அம்மாள் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அன்று பகல் முழுவதும் அந்தக் கடை அடைத்தே கிடந்தது. வேட்டை நாள் என்பதால் அடைத்திருக்கிறார்கள் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள்.

மாலையில் அவருடைய மகன் பிராங்க் வேட்டையிலிருந்து திரும்பினார். கடைக்குள் போனார். அம்மாவைக் காணோம்! கல்லாப்பெட்டியையும் காணோம்! தரையில் ரத்தக்கறை!

ரசீது சொன்ன சேதி

பிராங்க் வோர்டன் துணை ஷெரீப். அமெரிக்காவில் மாவட்டம் போன்ற பகுதியைக் 'கவுண்டி' என்பார்கள். அதன் தலைமைப் போலீஸ் அதிகாரிதான் ஷெரீப்.

தாயைக் காணாத மகன் பதறினார். ஆனால் புத்தியை இழக்கவில்லை. ரசீதுகளைப் பார்த்தார். அன்று காலை அம்மா கடைசியாக எழுதிய ரசீது, ஒரு காலன் திரவத்துக்கு. குளிர்காலத்தில் மோட்டார் காரில் உள்ள தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்க ஊற்றுவார்களே, அந்தத் திரவம்.

உடனே அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. முந்தின நாள் மாலை ஒருவன் கடைக்கு வந்திருந்தான். அந்தத் திரவத்தை வாங்க மறுநாள் காலை வருவதாக இருந்தது.

அவன் எட் கீன்!

ஒரு துண்டுக் காகிதம். அதில் சில எழுத்துக்கள். கொலைகாரனின் வீட்டுக்கு வழி காட்ட அதுவே போதுமானதாக இருந்தது.

இருட்டு வீடு

எட் கீனுக்கு அப்போது வயது 51. கல்யாணம் ஆகாதவன். ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் தனியே வாழ்ந்தான். அப்பாவும் அண்ணனும் இறந்துவிட்டார்கள். உயிராக நேசித்த தாயும் 1945-ல் இறந்தார். தாய் புழங்கிய அறைகளை அப்படியே பூட்டிவைத்தான். மற்ற அறைகளில் குப்பை மலையாகக் குவிந்தது.

ஊராருக்கு அவன் சாது. கூலி வேலை செய்வான். கூப்பிட்டால் வந்து குழந்தைகளைக்கூடப் பார்த்துக்கொள்வான்!

அன்று இரவே அவனைப் பிடித்தார்கள். ஷெரீப் ஆர்ட் ஷ்லீ அவனுடைய பண்ணைக்குப் போனார். வீட்டில் மின்சாரம் இல்லை. கை விளக்கின் வெளிச்சத்தில் கொட்டகைக்குள் நுழைந்தார்.

அங்கே அந்த அம்மாளின் உடல்!

வீட்டுக்குள் போனார்கள். அங்கே இன்னும் பயங்கரம். மண்டை ஓடுகள், மனித எலும்புகள், மனிதத் தோல்! இரவில் இடுகாட்டுக்குப் போய்ப் பிணங்களைத் தோண்டி எடுத்ததாகக் கீன் ஒப்புக்கொண்டான். 1954-ம் ஆண்டு டிசம்பர் மாதம் காணாமல்போன மேரி ஹோகன் என்ற சாராயக் கடைக்காரப் பெண்ணைக் கொன்றவனும் அவனே என்று தெரிந்தது.

சிரித்து மறந்தார்கள்

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மேரி ஹோகன் காணாமல்போனது பற்றி ஊரில் பேச்சு வந்தபோது, அவள் தன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று கீனே சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் சிரித்தார்கள். "எட் வேடிக்கையாகப் பேசுகிறான்" என்று விட்டுவிட்டார்கள்.

அவன் வீட்டுக்குப் போன சில பையன்கள் அங்கே மனிதத் தலைகளைப் பார்த்தார்கள். கேட்டதற்கு, அவை தூரத்துத் தீவிலிருந்து வந்தவை என்று சொல்லிச் சமாளித்தான். இந்தப் பேச்சு ஊரில் பரவியது. பெரியவர்கள் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று ஆண்டுகள்! துப்பு அவர்கள் காதிலேயே விழுந்துகொண்டு இருந்தது. யாராவது ஒருவர் அதை ஷெரீப் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், அங்கேயும் அதைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், ஒரு தாயின் உயிர் தப்பி இருக்கலாம் அல்லவா?

தனியாக வாழ்கிறவர்களை எல்லாம் சந்தேகப்பட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மனநோய் உள்ளவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் என்று நினைப்பதும் பெரும் பிழை. அவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். ஆனால் ஓர் ஆள் காணாமல்போய், அதைப் பற்றி ஒருவன் விபரீதமாகப் பேசினால், அது சிரித்துவிட்டுப் போகும் சங்கதி அல்ல.

ஷெரீப்பின் கை

ஷெரீப் ஷ்லீ இளைஞர். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டி இருந்தது. பதவிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அந்த இருட்டு வீட்டில் அவர் பார்த்த காட்சி, கல் மனதையும் கலக்கக்கூடியது.

அவருக்கு ஆத்திரம் பொங்கியது. விசாரணையின்போது கீனின் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார்!

"சரியாகத்தானே செய்தார்!" என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அந்தக் கோபம் மனிதக் கோபம்தான். ஆனால் பலன் என்ன?

கீன் முதலில் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று கோர்ட்டு தள்ளிவிட்டது! 'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பது இதுதான்.

கோர்ட்டு ஏன் அப்படிச் செய்கிறது? கொலைகாரன்மேல் இரக்கப்பட்டா? இல்லை. அடி தாங்காதவன், செய்யாத குற்றத்தையும் செய்தேன் என்பான். இன்று கீனைச் சுவரில் மோதும் கை, நாளை ஓர் அப்பாவியையும் மோதும். அப்போது அப்பாவி சிறைக்குப் போவான். உண்மைக் கொலைகாரன் வெளியே உலவுவான். அடுத்த கொலைக்கு ஆள் தேடுவான்.

தீர்ப்பு

கீன் மனநலம் கெட்டவன், வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவனை மனநோய் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். 1958-ம் ஆண்டு மார்ச் மாதம் அவனுடைய வீடு தீப்பற்றி எரிந்து சாம்பலானது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1968 நவம்பரில் நீதிபதி ராபர்ட் கோல்மார் வழக்கை விசாரித்தார். அந்த முதல் வாக்குமூலம் இல்லாமலேயே, கீன்தான் கொலை செய்தான் என்று தீர்ப்பானது. ஆனால் கொலை செய்தபோது அவனுக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்றும் நீதிபதி முடிவு செய்தார். கீன் மீண்டும் ஆஸ்பத்திரிக்கே போனான். 1984-ல், 77-வது வயதில் அங்கேயே இறந்தான்.

ஷெரீப் ஷ்லீ என்ன ஆனார்? வழக்கு நடந்த அதே 1968-ல் மாரடைப்பால் மறைந்தார். வயது 43தான். அந்த இரவில் கண்ட காட்சி கடைசிவரை அவரை வாட்டியது என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு நிமிடக் கோபம் அவருடைய கடமைக்கே குறுக்கே நின்றுவிட்டது.

இந்த வழக்கின் சாயலில் 1959-ல் 'சைக்கோ' என்ற நாவல் வந்தது. மறு ஆண்டே ஹிட்ச்காக் அதைச் சினிமாவாக எடுத்தார். உலகமே பார்த்து நடுங்கியது. படத்தைப் பார்த்து நடுங்கினால் மட்டும் போதுமா? பாடமும் கற்க வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகள் ஒரு வீட்டைப் பற்றியோ, ஓர் ஆளைப் பற்றியோ பயந்து ஏதாவது சொன்னால், "போடா, உளறாதே!" என்று விரட்டாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக் கதவு பகல் முழுவதும் அடைத்துக் கிடந்தால், ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் ஊரில் வம்பு பேசாதீர்கள். போலீசில் சொல்லுங்கள்.

குற்றவாளி என்று ஒருவனைப் பிடித்தால், "நாலு போடு!" என்று கூச்சல் போடாதீர்கள். தண்டிப்பது கோர்ட்டின் வேலை. தடயத்தைத் தேடுவது போலீசின் வேலை. கண்டதை உள்ளபடி சொல்வது நம் வேலை.

பெற்ற தாயைப் பறிகொடுத்த நேரத்திலும் பிராங்க் வோர்டன் கையை ஓங்கவில்லை. ரசீதை எடுத்துப் படித்தார். கொலைகாரன் அகப்பட்டது அதனால்தான்!